ரகசியத்தைக் காப்பது ஜிஎம்மின் வேலை இல்லை: ‘தூங்காத ஊர்’ செஷனை இரண்டு முறை நடத்திய கதை

ஆட்டம் தொடங்கி இரண்டே கால் மணி நேரம் ஆகியிருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகக் கற்பனையில் நடித்து ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டம். கதையை நடத்தும் ஜிஎம், அதாவது கேம் மாஸ்டர், நான். நான்கு ஆட்டக்காரர்களும் ஒரு பூட்டிய டிராயருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். பூட்டைத் திறக்கப் பகடை உருட்டினார்கள், விழவில்லை. மறுபடி உருட்டினார்கள், அதுவும் விழவில்லை. டிராயருக்குள் ஒரு கடிதம் இருந்தது. அது கிடைக்காமல் அடுத்த காட்சிக்குப் போக வழியில்லை. கதையின் அத்தனை ரகசியத்தையும் மடியில் முடிந்துவைத்துக்கொண்டு, “வேற என்ன செய்றீங்க?” என்று நான்காவது முறையாகக் கேட்டேன். ஒருவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

திகில் ஆட்டம் நடத்துகிறவனுக்கு அதைவிடப் பெரிய திகில் கிடையாது.

அதே கதையை மூன்று மாதம் கழித்து வேறு நான்கு பேருக்கு நடத்தினேன். அதே ஊர், அதே ரகசியக் கூட்டம், அதே நான்கு மணி நேரம். இரண்டாவது முறை ஆட்டம் ஓடியது. நடுவில் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், மாற்றியும் எங்கே சொதப்பினேன் என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

பயன்படுத்தியது கால் ஆஃப் கதுலு, ஏழாம் பதிப்பு. தெரியாதவர்களுக்காக: 1981இல் சாண்டி பீட்டர்சன் எழுதி கேயாசியம் வெளியிட்ட ஆட்டம் இது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல வாள் சுழற்றும் வீரர்கள் இதில் இல்லை. டாக்டர், நிருபர், பேராசிரியர் என்று சாதாரண மனிதர்கள் தங்களுக்கு மீறிய ஒன்றைத் துப்பறியப் போவார்கள். திறமைகள் சதவீதத்தில் இருக்கும். பகடையில் விழும் எண் அந்தச் சதவீதத்துக்குள் இருந்தால் காரியம் கூடும். தவறினால் ஏழாம் பதிப்பில் ஒரு முறை ‘புஷ்’ பண்ணலாம், அதாவது மறுபடி உருட்டலாம், ஆனால் அதுவும் தவறினால் முன்பைவிட மோசமாக ஏதாவது நடக்கும். பார்க்கக் கூடாததைப் பார்த்தால், மனநிதானத்தைக் காட்டும் சானிட்டி எண் குறையும். ஒரே அடியில் ஐந்தோ அதற்கு மேலோ குறைந்தால் அந்தக் கேரக்டரின் புத்தி தடுமாறக்கூடும்.

கதை

ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். நடுவில் மணிக்கூண்டு, அதன் உச்சி அறையில் ஒரு விளக்கு. அது அணைந்து பார்த்தவர் யாருமில்லை. அந்த ஊருக்கு வந்த நில அளவையாளர் ஒருவர் பதினோரு நாளாகக் காணவில்லை. அவரைத் தேடி நான்கு பேர் வருகிறார்கள்: அவருடைய அக்காவான டாக்டர், ஒரு நிருபர், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர், இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி.

உண்மை இதுதான். ஏரிக்கு அடியில் ஒன்று தூங்குகிறது. மேலே யாராவது அதற்காக விழித்திருக்கும் வரைதான் அது தூங்கும். ஊரில் பதினாறு பேர் அதற்காக முறை வைத்து விழித்திருக்கிறார்கள். நாளுக்கு எட்டுச் சாமம், சாமத்துக்கு ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். ஒவ்வொரு சாமத்துக்கும் இரண்டு பேர். முறையில் இருக்கும்போது கண் அயர்ந்தவர் காணாமல் போவார், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் நனைந்திருக்கும். நில அளவையாளரை யாரும் கொல்லவில்லை. பதினாறில் ஒரு முதியவர் இறந்துபோக, காலியான இடத்துக்கு இவர் விரும்பித்தான் சேர்ந்தார். நான்காம் இரவு தூங்கிவிட்டார். இப்போது ஆள் ஒன்று குறைவு, யாரோ ஒருவர் இரட்டை முறை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கரு எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. முதல் மேசை, அதாவது முதல் குழுவோடு நடத்திய ஆட்டம், படுத்ததற்குக் காரணம் கரு இல்லை.

முதல் மேசை

நான் போட்ட திட்டம் ஒரு சங்கிலி. விடுதிப் பதிவேட்டில் கிழிந்த பக்கம், அது காட்டும் தலைமையாசிரியர், அவர் டிராயரில் கடிதம், கடிதம் சொல்லும் வரைபடம், வரைபடம் காட்டும் மணிக்கூண்டின் நிலவறை. ஐந்து கண்ணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை. எழுதும்போது படு நேர்த்தியாகத் தெரிந்தது.

ஆட்டம் முடிந்த இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒவ்வொரு கண்ணியிலும் வெற்றி வாய்ப்பு 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், அது தாராளமான எண்தான். ஐந்தும் தொடர்ச்சியாக விழ 0.6-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை 8 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பதின்மூன்று மேசையில் பன்னிரண்டு எங்காவது முட்டி நிற்கும்படி ஒரு கதையை எழுதிவைத்துவிட்டு, ஆட்டக்காரர்களுக்கு மூளை வேலை செய்யவில்லை என்று மனதுக்குள் கோபித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, இந்த ஆட்டங்களைப் பற்றி வலைப்பதிவு எழுதும் ஜஸ்டின் அலெக்ஸாண்டரின் மூன்று துப்பு விதி: ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வை. நல்ல விதிதான். ஆனால் மூன்று துப்புக்கும் பகடை கேட்டால் என்ன ஆகும்? மூன்றும் தவற வாய்ப்பு 0.4-இன் மும்மடி, அதாவது 6.4 சதவீதம். ஒரு கண்ணி தாண்ட 93.6 சதவீதம். ஐந்து கண்ணிக்கு ஏறத்தாழ 72. நாலு மேசைக்கு ஒன்று இன்னமும் முட்டி நிற்கிறது. துப்பைப் பெருக்கினால் மட்டும் போதாது, துப்புக்கும் பகடைக்கும் போட்ட முடிச்சையே அவிழ்க்க வேண்டும். துப்பறியும் ஆட்டங்களுக்காக ராபின் லாஸ் 2007இல் கொண்டுவந்த கம்ஷூ முறை அதைத்தான் செய்தது: சரியான இடத்தில், சரியான திறமையோடு தேடினால் முக்கியத் துப்பு கையில் கிடைத்துவிடும், உருட்ட வேண்டியதில்லை. துப்பு கிடைப்பதில் சுவாரசியம் இல்லை, கிடைத்ததை வைத்து என்ன யோசிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்பது அதன் வாதம். முன்பே படித்திருந்தேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியும் இருந்தேன். படித்தது ஒரு பக்கம், எழுதியது ஒரு பக்கம்.

டிராயரைக் கடைசியில் நானே திறந்துவிட்டேன், இன்சூரன்ஸ் அதிகாரி தடுக்கி விழுந்து மேசை கவிழ்ந்ததாக. எல்லோருக்கும் தெரிந்தது இது ஜிஎம் போட்ட பிச்சை என்று.

டிராயரைவிட மோசமான தவறு இன்னொன்று. ஊர்க்காரர்கள் எல்லோரையும் வாய்க்குப் பூட்டுப் போட்டவர்களாக நடித்தேன். தலைமையாசிரியரைக் கேட்டால் “எனக்குத் தெரியாது.” தபால்காரரைக் கேட்டால் “நான் பாக்கல.” ரகசியக் கூட்டம் என்றால் ரகசியமாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். பலன், நான்கு பேரும் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது “தெரியாது”க்குப் பிறகு இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை எடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வேறு எதுவும் பலிக்காத இடத்தில் துப்பாக்கியாவது பதில் சொல்லும் என்று பார்த்திருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு நிலவறைக்கு வந்தார்கள். தலைமையாசிரியர் உண்மையைச் சொன்னார். சொன்னார் என்ன சொன்னார், பன்னிரண்டு நிமிடம் நான் பிரசங்கம் செய்தேன். முடித்ததும் டாக்டராக ஆடியவர் கேட்டார்: “சரி, இவங்கள நிறுத்தினா அது முழிச்சிரும். நிறுத்தாட்டி என் தம்பி மாதிரி இன்னும் பத்து பேர் போவாங்க. இப்ப நாங்க என்ன பண்றது?”

மேசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அன்று இரவு அது முதல் முறை. மணியைப் பார்த்தேன், பத்து நிமிடம் பாக்கி இருந்தது.

நான்கு மணி நேரம் நடத்திய ஆட்டத்தில் உண்மையான ஆட்டம் அந்தப் பத்து நிமிடம்தான். மீதி நேரம் முழுவதும் நான் அதை அவர்களிடமிருந்து ஒளித்துவைத்துக் காவல் காத்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் நோட்டில் பெரிதாக எழுதிக்கொண்டது: ரகசியத்தைக் காப்பது அந்தப் பதினாறு பேரின் வேலை. என் வேலை அதை ஒழுகவிடுவது.

இன்னொரு விஷயமும் அன்று நடந்தது, அதைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. நிலவறைக் காட்சியில் ஒருவர் சட்டென்று அமைதியானார். ஆட்டம் முடிந்ததும் தனியாக வந்து, தன் நெருங்கிய உறவினர் ஒருவர் நிஜமாகவே அப்படியொரு அமைப்பில் சேர்ந்து குடும்பத்தை விட்டுப் போனவர் என்றார். ஆட்டத்துக்கு முன் நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. “ஹாரர்னு சொன்னேனே, போதாதா?” என்று இருந்துவிட்டேன். பேய்க்குப் பயப்படுவது வேறு, தன் வீட்டில் நடந்ததைத் திரும்பப் பார்ப்பது வேறு.

மறுபடி திட்டமிட்டது

முதலில் அதைச் சரிசெய்தேன். இரண்டாவது மேசைக்கு ஒரு வாரம் முன்பே நான்கு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்: இது மனிதர்களை உள்ளே இழுக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றிய கதை, எது வரவே கூடாது, எது வந்தாலும் திரைக்குப் பின்னால் நடந்தால் போதும்? ஆட்ட வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் இதற்கு வைத்த பெயர் லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ். மேசை நடுவில் ஜான் ஸ்டவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டும் இருந்தது. அதை யாராவது தொட்டால் அந்தக் காட்சியை விட்டு நகர்ந்துவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. அன்று யாரும் தொடவில்லை. ஆனால் முன்கூட்டி கேட்டதில் ஒருவர் “குழந்தைகளுக்கு எதுவும் ஆகக் கூடாது” என்றார். கதையில் ஒரு சிறுவன் கண் அயரும் காட்சி இருந்தது. எடுத்துவிட்டேன், கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அடுத்தது கூட்டம். முதல் முறை அதற்கு நான் எழுதியிருந்தது ஒரே பத்தி: யாரை வழிபடுகிறார்கள், எங்கே, எப்படி. இந்த முறை வேறொரு கேள்வியில் தொடங்கினேன். இந்தக் கூட்டத்தில் இருப்பதால் இவர்களுக்கு என்ன கிடைக்கிறது? யாரும் “நான் ஒரு விபரீதக் கூட்டத்தில் சேரப்போகிறேன்” என்று கிளம்புவதில்லை. மனைவி போன பிறகு தூக்கம் வராமல் தவித்த தபால்காரருக்கு, அந்தத் தூக்கமின்மைக்கே ஒரு பயன் கிடைத்தது. விரட்டி விரட்டிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் எதையும் சாதிக்கவில்லை என்று மருகிய தலைமையாசிரியருக்கு, தினம் மூன்று மணி நேரம் உலகத்தையே தாங்கிப் பிடிப்பதாக நிறைவு. பதினாறு பேரில் ஆறு பேருக்கு மட்டும் இப்படி இரண்டிரண்டு வரி எழுதினேன். அதன் பிறகு அவர்கள் வாயில் “எனக்குத் தெரியாது” வரவில்லை. ஆள் ஒன்று குறைவு என்று தவிப்பவர்கள் வந்தவர்களை விரட்டுவார்களா? பேசுவார்கள், விசாரிப்பார்கள், “ராத்திரி நல்லா தூங்குவீங்களா?” என்று கேட்பார்கள். சாதாரண உபசாரமாக இருக்கும் இந்தக் கேள்வியை மூன்றாவது ஆள் கேட்கும்போது முதுகுத்தண்டு சில்லிடும்.

வார்த்தைகளுக்கு அதிக நேரம் செலவழித்தேன். ராபர்ட் லிஃப்டன் என்ற மனநல மருத்துவர் 1961இல், மனிதர்களின் சிந்தனையை மாற்றும் அமைப்புகளுக்கு எட்டு அடையாளங்களைப் பட்டியலிட்டார். அதில் ஒன்று, அவர்கள் மொழியைத் தங்களுக்கென்று சுமையேற்றி வைத்திருப்பார்கள் என்பது. ஊரறிந்த சொல்லுக்கு உள்ளே வேறு பொருள் இருக்கும். இதற்குத் தமிழைப் போல் தோதான மொழி உண்டா? “விடிஞ்சா பாக்கலாம்” என்று நாம் தினம் சொல்கிறோம். அந்த ஊரிலும் சொல்கிறார்கள், ஆனால் அது அங்கே ஒரு சத்தியம். முறை மாறும்போது “கண்ணு மாறியாச்சா?” என்பார்கள். முதல் காட்சியிலேயே ரயில் நிலைய மாஸ்டர் தபால்காரரிடம் அதைக் கேட்கிறார். கண்ணாடியைப் பற்றிக் கேட்கிறார் என்று ஆட்டக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த துப்பும் மொழியில்தான் கிடைத்தது. கூட்டத்தின் தலைவர் யார்? முதல் மேசையில் தலைமையாசிரியர்தான், அதை எவரும் முதல் பத்து நிமிடத்தில் ஊகித்துவிடலாம். இரண்டாவது முறை தலைவனை மணிக்கூண்டைப் பெருக்கும் இருபது வயதுப் பையன் ஆக்கினேன். அந்தக் கூட்டத்தில் மூப்பு வயதால் வருவதில்லை, ஒரு முறையும் தவறாமல் எத்தனை சாமம் விழித்திருந்தார் என்பதால் வருவது. ஊருக்கு முன்னால் எல்லோரும் அவனை “டேய், இங்க வா” என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் நள்ளிரவில் அவன் கதவைத் தட்டும்போது, தூக்கக் கலக்கத்தில் தலைமையாசிரியர் “வாங்க” என்று சொல்லிவிடுகிறார். ஒரே ஒரு சொல். ஆங்கிலத்தில் ஆடினால் இந்தத் துப்பை வைக்கவே முடியாது. அங்கே எல்லோரும் ‘யூ’தான்.

கூட்டத்தார் யார் என்பதில் இன்னொரு யோசனையும் இருந்தது. இந்த ஆட்டத்துக்கு மூலமான லவ்கிராஃப்ட் கதைகளில் அவர்கள் பெரும்பாலும் வேற்று இனத்தார், துறைமுகக் கூலிகள், ‘நாகரிகம் இல்லாதவர்கள்’. எழுதியவரின் இன வெறுப்பு கதையிலேயே கசிந்துகிடக்கிறது. அந்த அச்சையே எடுத்து வார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. அது போக, அதில் பயமும் இல்லை. அயலானைச் சந்தேகிப்பது சுலபம். வரவேற்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கம்பளி வேண்டுமா என்று கேட்கிற மனிதரைச் சந்தேகிப்பதுதான் கடினம். பழைய வகை வதந்தியை மட்டும் பக்கத்து ஊர்க்காரர்கள் வாயில் வைத்தேன்: நரபலி, ரத்தம், நிர்வாண பூஜை. எல்லாம் பொய். 1980களில் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற பிள்ளைகளையே சாத்தான் கூட்டம் என்று பயந்து அலறினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கற்பனை எப்போதும் உள்ளே நடப்பதைவிட வண்ணமயமானது. திசைதிருப்பும் துப்பாக அது நன்றாகவே வேலை செய்தது.

சங்கிலியை அறுத்துப்போட்டேன். அதற்குப் பதில், ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய முடிவுகள் மூன்றே மூன்று. இந்த ஊரில் எந்நேரமும் யாரோ விழித்திருக்கிறார்கள். காணாமல் போனவர் அவர்களில் ஒருவராக இருந்தார். இவர்களை நிறுத்தினால் அதற்கும் ஒரு விலை உண்டு. முதல் முடிவுக்கு ஐந்து துப்பு, இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று. எதற்கும் பகடை இல்லை. பகடை எதற்கு என்றால், துப்பு கிடைக்கும்போது சத்தம் வந்ததா, யாராவது பார்த்தார்களா, எவ்வளவு நேரம் போனது என்பதற்கு. டிராயர் இந்த முறையும் இருந்தது, பூட்டும் இருந்தது. பகடை தவறினாலும் திறக்கும், ஆனால் திறந்து நிமிரும்போது வாசலில் பையன் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருப்பான்.

யாரும் வராமலே இருந்தால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்பதையும் எழுதிவைத்தேன். பிளேட்ஸ் இன் த டார்க் ஆட்டத்தில் வரும் ‘கிளாக்’ அதற்கு உதவியது. ஒரு வட்டம், அதைத் துண்டுகளாகப் பிரித்து, காரியம் முற்ற முற்ற ஒவ்வொன்றாகக் கறுப்பாக்குவது. என்னுடையது எட்டுத் துண்டு, எட்டுச் சாமம். மூன்றாவது துண்டில் கூட்டம் இவர்களைத் தன் வீட்டுக்கு அழைக்கும். ஐந்தில் இரட்டை முறை பார்க்கும் பையன் தள்ளாட ஆரம்பிப்பான். எட்டில் விளக்கு அணையும். வட்டத்தை மறைக்காமல் மேசை நடுவில் வைத்தேன். இது என்ன என்று கேட்டார்கள், சொல்லவில்லை. ஒவ்வொரு முறை பென்சிலை எடுக்கும்போதும் நான்கு பேரும் என் கையையே பார்த்தார்கள்.

கையில் கொடுக்க ஒரே ஒரு தாள் தயாரித்தேன்: முறைப்பட்டியல். எட்டு வரிசை, இரண்டு பத்தி, பதினாறு கட்டங்களில் பெயரின் முதல் எழுத்துகள், ஒரு கட்டத்தில் பழைய எழுத்தை அழித்துப் புது எழுத்து, அதையும் அடித்து மூன்றாவது எழுத்து. இதில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தாளின் மூலையில் எனக்காக ‘4’ என்று போட்டிருந்தேன், நான்காவது ஹேண்டவுட் என்று முதலில் நினைத்திருந்ததால். அந்த நாலுக்கு ஆட்டக்காரர்கள் கால் மணி நேரம் பொருள் தேடினார்கள். நான்காம் படி, நான்காம் அறை, நான்காம் சாமம். துப்பறிகிறவன் கையில் கொடுக்கும் தாளில் எறும்பு ஊர்ந்த தடம் கூட இருக்கக் கூடாது.

இரண்டாவது மேசை

முதல் ஒன்றரை மணி நேரத்திலேயே முதல் இரண்டு முடிவுகளுக்கு வந்துவிட்டார்கள். முறைப்பட்டியலை நடுவில் போட்டு, ஊரில் பார்த்த முகங்களை ஒவ்வொரு எழுத்தோடும் பொருத்திக்கொண்டு இருபது நிமிடம் அவர்களே பேசினார்கள். நான் வாயே திறக்கவில்லை. நிருபராக ஆடியவர் திடீரென்று, “இருங்க, ஸ்டேஷன்ல அவர் கண்ணு மாறியாச்சான்னு கேட்டாரே” என்றார். மேசையில் ஓர் “ஐயோ.” துப்பை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிட்டிருந்தேன், அது வெடித்தது இப்போதுதான்.

மிச்சம் இரண்டரை மணி நேரம் இருந்தது, கடினமான கேள்வி கையில் இருந்தது. முதல் மேசையில் கிடைக்காதது இதுதான்.

டாக்டர் ஒரேயடியாக நம்ப மறுத்தார். தூக்கம் கெட்டால் மூளை சில விநாடிகள் தானாக அணைந்து எரியும், இல்லாததெல்லாம் தெரியும், இது கூட்டு மனப்பிரமை என்றார். 1963-64இல் ராண்டி கார்ட்னர் என்ற பள்ளி மாணவர் 264 மணி நேரம் விழித்திருந்ததை அவரே எடுத்துச் சொன்னார். சரியாகப் பதினோரு நாள். என் கதையில் நில அளவையாளர் காணாமல் போனதும் பதினோரு நாள் என்பது தற்செயல்தான், ஆனால் மேசையில் யாரும் அதைத் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் திருத்தவில்லை. பகுத்தறிவு விளக்கம் கடைசி வரை செல்லுபடியாக இருக்கட்டும் என்று விட்டேன். ஏரிக்குள் இருப்பதை ஒரு முறையும் காட்டவில்லை. நனைந்த நாற்காலிதான் அன்று இரவின் மிகப் பெரிய பூதம், அதற்கு சானிட்டியில் இரண்டு புள்ளிதான் போனது.

நிருபர் வேறு வழியில் போனார். கூட்டத்துக்குள் நுழைய ஒரு கனவை இட்டுக்கட்டிச் சொன்னார்: தண்ணீருக்கு அடியில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக. இது என் திட்டத்தில் இல்லை. ஆனால் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் குழுவின் ஆய்வு நினைவுக்கு வந்தது. 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும் என்று நம்பிய ஒரு சிறு கூட்டத்துக்குள் ஆய்வாளர்கள் பக்தர்களாக நடித்து நுழைந்தார்கள். உள்ளே போக அவர்கள் சொன்ன கட்டுக்கதையைக் கூட்டம் தங்களுக்கு மேலிருந்து வந்த அடையாளமாக எடுத்துக்கொண்டது. வெள்ளம் வரவில்லை. அந்த ஆய்வும் பின்னாளில் பலத்த விமர்சனத்துக்கு ஆளானது, ஆய்வாளர்களே கூட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆய்வுக்குக் கேடு, ஆட்டத்துக்கு வரம். பையன் நிருபரின் பொய்யைக் கேட்டு அழுதான். “அஞ்சு வருஷமா யாரையும் கூப்பிடல” என்றான். அன்றிரவே நள்ளிரவுச் சாமத்தில் அவரை உட்காரவைத்தார்கள்.

அந்த முறையை நடத்திய விதம் எனக்குத் திருப்தி. ட்ரெட் என்ற ஆட்டத்தில் பகடையே கிடையாது, ஜெங்கா கோபுரத்திலிருந்து கட்டை உருவ வேண்டும், கோபுரம் சரிந்தால் அந்தக் கேரக்டர் ஆட்டத்திலிருந்து போய்விடும். அதிலிருந்து யோசனை எடுத்து, நிருபராக ஆடியவரிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, ஒற்றை விரல் நுனியால் மேசைமேல் செங்குத்தாக நிறுத்தச் சொன்னேன். ஆறு நிமிடம். விழுந்தால் கண் அயர்ந்ததாக அர்த்தம். அந்த ஆறு நிமிடமும் மற்றவர்கள் நிலவறைக்குள் நுழையும் காட்சியை நடத்தினேன். மூன்று பேரும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், மேசையில் யாரும் கை வைக்கவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் அவர் விரல் நடுங்க ஆரம்பித்தது. பென்சில் விழவில்லை. விழுந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்து வைத்திருந்தேன், ஆனால் விழாமல் போனதில் எனக்குத்தான் பெருமூச்சு.

குறைகளும் உண்டு. இந்த நேரத்தில் இன்ஸ்பெக்டருக்கு ஏறத்தாழ நாற்பது நிமிடம் வேலையே இல்லை. கைது செய்வதற்கு எந்தக் குற்றமும் இல்லாத கதையில் ஒரு போலீஸ்காரரைக் கொண்டுவந்தது என் தவறு. அடுத்த முறை அவருக்கும் ஏதாவது சொந்தத் தூக்கக் கணக்கு எழுதிவைக்க வேண்டும். “வாங்க” துப்பு ஒருவர் காதில் மட்டும் விழுந்தது, அவரும் உறுதியில்லாமல் விட்டுவிட்டார். ஜிஎம்முக்குப் பழக்க தோஷத்தில் எல்லோரையும் “வாங்க போங்க” என்று பேசும் வாய். அதுவரை மரியாதையும் ஒருமையும் கறாராகப் பிரிந்து ஒலித்திருந்தால்தான் அந்த ஒரு சொல் உறுத்தும். முதல் காட்சியிலிருந்தே “டேய்” காதில் நன்றாகப் பதிய வேண்டும்.

கடைசி அரை மணி நேரத்தில் வட்டத்தில் ஏழு துண்டு கறுத்திருந்தது. பையன் படியில் உட்கார்ந்தபடியே தலை தொங்கிக்கொண்டிருந்தான். டாக்டர் அவன் நாடியைப் பார்த்தார், இவன் தூங்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடுவான் என்றார். மருத்துவராகத்தான் சொன்னார், எதையும் நம்பிச் சொல்லவில்லை. “அப்ப அவன் இடத்துல யாரு உக்கார்றது?” என்று நிருபர் கேட்டார். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

இன்சூரன்ஸ் அதிகாரி ஒரு வெற்றுத் தாளை எடுத்து எட்டு வரிசை, இரண்டு பத்தி கோடு போட்டார். பதினாறு கட்டம், இவர்கள் நான்கு பேர். ஆளுக்கு நாலு கட்டம், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், கட்டுப்படியாகாது என்று அவரே கணக்குச் சொன்னார். விடியற்காலைச் சாமத்தை யார் எடுத்துக்கொள்வது என்று சண்டை வந்தது. நில அளவையாளர் பெயர் இருந்த கட்டத்தை டாக்டர் தனக்கு என்று எழுதிக்கொண்டார். மாலை முழுவதும் தலைமையாசிரியரை “அந்த ஆள்” என்றே சொல்லிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர், பென்சிலை வாங்கி இரண்டாவது பத்தியில் அவர் பெயரையும் சேர்த்து எழுதினார். “அவர் ரெண்டு முறை பாப்பாரு,” என்றார், “கேட்டுப் பாக்கலாம்.”